லிந்துலையில் பொப்பி பூக்குமா? பூக்கும், இப்படிப் போட்டுப் பாருங்கள்

லிந்துலையிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். நுவரெலியாக் கடையில் பொப்பி விதை பக்கட் ஒன்று வாங்கினாராம். மார்ச் முதல் மே வரை விதைக்கலாம் என்று அதில் போட்டிருந்ததால் மே மாதத்தில் தட்டில் நாற்று விட்டிருக்கிறார். நன்றாக முளைத்திருக்கிறது. நான்கைந்து இலை வந்ததும் பிடுங்கி வாசலில் நட்டிருக்கிறார். ஒரு கிழமைக்குள் அத்தனையும் படுத்துவிட்டன. "நம்முடைய குளிருக்கு இது வராதா, மண் சரியில்லையா, கனடாவில் இருக்கும் அத்தையிடம் சொல்லி நல்ல விதை எடுக்கட்டுமா?" என்பது அவருடைய கேள்வி.

தங்கச்சி, குளிரும் விதையும் குற்றமில்லை. முளைத்த விதை நல்ல விதைதான். நட்ட மாதமும் பிடுங்கி நட்டதும்தான் செடியைக் கொன்றிருக்கின்றன. மண்ணிலும் கொஞ்சம் வேலை இருக்கிறது. இந்த மூன்றையும் சரி செய்தால், இலங்கையில் பொப்பி வளர்க்க உங்கள் பக்கத்தைவிடத் தோதான இடம் அதிகம் கிடையாது.

முதலில் எந்தப் பொப்பி என்று பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டு வாசலுக்கு ஏற்றவை மூன்று. ஒன்று, ஐரோப்பாவின் கோதுமை வயல்களில் தானாக வளரும் சிவப்புப் பொப்பி. நவம்பர் 11 அன்று சட்டையில் குத்திக்கொள்ளும் காகிதப் பூ இதன் வடிவம்தான். முதலாம் உலகப் போரில் குண்டு விழுந்து புரண்ட மண்ணில், பல வருடங்களாக உறங்கிக் கிடந்த விதைகள் வெளிச்சம் பட்டு முளைத்துப் பூத்ததால் அந்தப் பூ போர் நினைவாயிற்று. (பொப்பி விற்ற பணம் பிரித்தானியப் படைவீரர்களுக்கே போகிறது என்று 1930களில் இங்கே எதிர்ப்பு எழுந்து, அதே நாளில் பூவரசம் பூ விற்ற சூரிய மல் இயக்கம் நடந்ததையும் சொல்லத்தான் வேண்டும். 1934-35 மலேரியாக் கொள்ளைநோயின்போது ஊர் ஊராகப் போய் உதவியவர்களும் அந்த இயக்கத்தார்தான்.) கடைகளில் 'ஷேர்லி' என்ற பெயரில் வருவதும் இந்தச் சிவப்புப் பொப்பியின் பிள்ளைதான். வெள்ளை, ரோஸ், சால்மன் நிறங்களில், நடுவில் கறுப்புப் பொட்டு இல்லாமல் பூக்கும்.

இரண்டாவது ஐஸ்லாந்துப் பொப்பி. பெயர்தான் ஐஸ்லாந்து, பூர்வீகம் ஆசியாவின் வடகோடிக் குளிர்நாடுகள். மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளை நிறங்களில் மெழுகுத்தாள் போன்ற இதழ்கள். உண்மையில் இது ஓரிரு வருடம் இருக்கக்கூடிய செடி, ஆனால் எல்லோரும் ஒருபருவச் செடியாகத்தான் வளர்க்கிறார்கள். வெயில் சூடு ஆகவே ஆகாது. நுவரெலியா, நானுஓயா, கந்தப்பளை, ஹோர்ட்டன் சமவெளிப் பக்கம் என்று 5,000 அடிக்கு மேலே இருப்பவர்கள் தைரியமாகப் போடலாம்.

மூன்றாவது கலிபோர்னியாப் பொப்பி. 1903 முதல் அந்த மாநிலத்தின் அரச மலர் இதுதான். செடி குட்டை, இலை சாம்பல் பச்சை, பூ பளீரென்ற செம்மஞ்சள். வறட்சியையும் மெலிந்த மண்ணையும் இதுவே அதிகம் தாங்கும் என்பதால் பண்டாரவளை, வெலிமடை, அப்புத்தளைக்காரர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். ஒரு குறை, மாலையானாலும் முகில் மூடினாலும் இதழைச் சுருட்டிக்கொள்ளும். நுவரெலியாவில் பகல் ஒரு மணிக்கே மூடுபனி இறங்கும் வாசலில் இதை வைத்தால் பாதி நாள் மூடிய பூவைத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

நான்காவதாக ஒன்று உண்டு, அதைப் போடவே கூடாது. அபின் எடுக்கும் பொப்பி. நீலம் கலந்த சாம்பல் நிறத்தில், மயிரில்லாமல் வழுவழுவென்று, தண்டைச் சுற்றிப் பிடித்த அகல இலை இருக்கும்; காய் பெரிதாக உருண்டையாக இருக்கும். அனுமதியில்லாமல் அதை வளர்ப்பது இலங்கையில் சட்டப்படி குற்றம். அழகுக்காக வளர்த்தேன் என்று சொல்லித் தப்ப முடியாது. வெளிநாட்டுப் பக்கட்டுகளில் 'பியோனி பொப்பி', 'பிரெட்சீட் பொப்பி' என்று வருபவை இந்த இனம்தான். இலத்தீன் பெயரில் 'சோம்னிபெரம்' என்ற சொல் இருந்தால் வாங்காதீர்கள். அத்தையிடம் சொல்வதென்றாலும் இதை நினைவில் வையுங்கள். அதோடு, எந்த விதையாக இருந்தாலும் தாவரத் தனிமைப்படுத்தல் அனுமதியில்லாமல் வெளிநாட்டிலிருந்து தபாலில் எடுப்பது சட்டத்துக்கு மாறானது. விதையோடு ஒரு புது நோய் வந்து இறங்கினால் பக்கத்துக் கரட் தோட்டக்காரர்தான் அழ வேண்டியிருக்கும். இங்கே கிடைப்பதே போதும்.

இனி, எப்போது விதைப்பது? பக்கட்டில் போட்டிருக்கும் மார்ச், மே எல்லாம் இங்கிலாந்துக் கணக்கு. அங்கே அது பனிக்காலம் முடிந்து பகல் நீளும் காலம். நமக்கு மே என்றால் தென்மேல் மழையின் வாசல். தலவாக்கலை, லிந்துலை, அட்டன், மஸ்கெலியா, நுவரெலியா எல்லாம் மே கடைசியிலிருந்து செப்டெம்பர் வரை நனைந்துகொண்டே இருக்கும். பொப்பி குளிரைத் தாங்கும். குளிரும் ஈரமும் சேர்ந்து வேரில் நிற்பதைத்தான் தாங்காது. ஆகவே மலையகத்தின் மேற்குப் பக்கத்தவர்கள் டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி கடைசிக்குள் விதையுங்கள். ஜனவரியிலிருந்து மார்ச் வரைதான் நமக்கு மழை குறைந்த காலம். இரவில் நல்ல குளிர், பகலில் வெயில், காலையில் பனி. இந்த ஏற்ற இறக்கம் பொப்பி விதையை எழுப்புவதற்கு நல்லது. மார்ச் கடைசியில் மொட்டு வரும், சித்திரையில் பூக்கும். நுவரெலியா வசந்த காலத்துக்கு ஊரே திரண்டு வரும்போது உங்கள் வாசலும் பூத்து நிற்கும்.

ஊவாப் பக்கம் கணக்கு வேறு. பதுளை, பண்டாரவளை, அப்புத்தளைக்கு வடகீழ் மழை ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை இருக்கும். அங்கே ஜனவரி கடைசியில், மழை ஓயும்போது விதைப்பதுதான் புத்தி. ஜூனில் கச்சான் காற்று தொடங்கினால் மெல்லிய தண்டுகள் நிற்காது, அதற்குள் பூத்து முடிந்துவிட வேண்டும். கண்டி, கம்பளை போன்ற தாழ்ந்த இடங்களில் சிவப்புப் பொப்பிக்கும் ஐஸ்லாந்துப் பொப்பிக்கும் மினக்கெடாதீர்கள். டிசம்பரில் கலிபோர்னியாவை மட்டும் ஒரு தொட்டியில் போட்டுப் பார்க்கலாம்.

ஒரே நாளில் பக்கட் முழுவதையும் கொட்டிவிடாதீர்கள். இரண்டு கிழமைக்கு ஒரு தடவையாக மூன்று முறை விதைத்தால், ஒரு பகுதி மழையில் போனாலும் மற்றது மிஞ்சும், பூவும் ஒரு மாதத்துக்குப் பதில் இரண்டு மாதம் கிடைக்கும்.

மண்ணுக்கு வருவோம். நம்முடையது தேயிலைக்கு உகந்த மண், அதாவது நல்ல புளிப்பு மண். தேயிலை 4.5 முதல் 5.5 வரையான பிஎச்சில் (மண்ணின் புளிப்பைக் காட்டும் எண், குறையக் குறையப் புளிப்பு கூடும்) சந்தோஷமாக இருக்கும். பொப்பிக்கு 6க்கு மேல் வேண்டும், 7 வரை போகலாம். கவ்வாத்து வெட்டிய மலைக்கு டொலமைட் என்ற சுண்ணாம்புக்கல் தூளைத் தூவுவதைப் பார்த்திருப்பீர்கள், அதே டொலமைட்தான் இங்கேயும் மருந்து. ஒரு சதுர மீட்டருக்கு 100 முதல் 200 கிராம் வரை, விதைப்பதற்கு இரண்டு மூன்று கிழமை முன்னால் தூவி, தோட்ட முள்ளால் கிளறி விடுங்கள். விறகடுப்பு இருக்கிற வீடென்றால் சலித்த சாம்பலும் புளிப்பைக் குறைக்கும். ஆனால் இரண்டில் ஒன்றைப் போடுங்கள், இரண்டையும் அள்ளிக் கொட்ட வேண்டாம்.

பாத்தியை நிலத்திலிருந்து அரை அடி உயர்த்துங்கள். சரிவான வாசல் என்றால் மேல்பக்கம் ஒரு சின்னக் கான் வெட்டி மழைத்தண்ணீரைத் திருப்பிவிடுங்கள். மக்கிய கூட்டெரு கொஞ்சம் போதும். யூரியாவும் கோழி எருவும் வேண்டவே வேண்டாம். நம் பக்கம் உருளைக்கிழங்குக்கும் லீக்சுக்கும் கைநிறைய உரம் போட்டுப் பழகிவிட்டோம், அதே கை பொப்பிக்கும் நீண்டுவிடுகிறது. தழைச்சத்து கூடினால் செடி இலையாகக் கொழுத்து, தண்டு நீர்த்து, முதல் காற்றிலேயே சாயும். முன்பு மரக்கறி போட்டு உரம் மிஞ்சியிருக்கும் பாத்தி என்றால் எருகூடப் போடாதீர்கள்.

இடம், காலை வெயில் நேராக விழும் இடமாக இருக்கட்டும். நம்மூரில் மத்தியானத்துக்குப் பிறகு முகில் எப்போது வரும் என்று சொல்ல முடியாது, காலையில் கிடைப்பதுதான் உறுதியான வெயில். யூக்கலிப்டஸ் மரத்தடியை விட்டுத் தள்ளிப் போங்கள்.

விதைப்பதைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பொப்பி தோற்பதெல்லாம் பெரும்பாலும் இங்கேதான். லீக்சையும் கோவாவையும் நாற்று விட்டுப் பிடுங்கி நடுகிறோம். கரட்டை அப்படி நடுகிறோமா? நேரே பாத்தியில் தூவி, முளைத்த பிறகு நெருக்கமாக இருப்பதைக் கலைத்துவிடுகிறோம். பொப்பியையும் கரட்டைப் போலவே நடத்துங்கள். இரண்டுக்கும் நேராகக் கீழே இறங்கும் ஒற்றை ஆணிவேர். மேலே நான்கு இலை இருக்கும்போதே கீழே வேர் விரல் நீளத்துக்குப் போயிருக்கும். பிடுங்கும்போது அதன் நுனி அறுந்தால் கரட் கவையாகிக் கோணும்; பொப்பி செத்தே போகும். உங்கள் நாற்று படுத்ததற்கு முக்கியக் காரணம் இதுதான்.

விதை மணலைவிடச் சிறியது, ஒரு கிராமில் ஆயிரக்கணக்கில் இருக்கும். கையால் தூவினால் ஒரே இடத்தில் குவியும். கால் தேக்கரண்டி விதையை ஒரு கோப்பை உலர்ந்த மெல்லிய மணலில் நன்றாகக் கலந்து கொள்ளுங்கள். மணல் வெளிறியதாக இருந்தால் எங்கே விழுந்தது என்று கண்ணுக்குத் தெரியும். பாத்தியைச் சமப்படுத்தி, முதலில் பூவாளியால் நனைத்துவிட்டு, அப்புறம் மணலைத் தூவுங்கள். கண்டபடி தூவாமல் முக்கால் அடிக்கு ஒரு வரியாகத் தூவினால், வரியில் முளைப்பது பொப்பி, வெளியே முளைப்பது களை என்று முதல் நாளே பிரித்துப் பார்க்கலாம்.

தூவியதும் மண்ணால் மூடாதீர்கள். சிவப்புப் பொப்பிக்கும் ஐஸ்லாந்துப் பொப்பிக்கும் முளைக்க வெளிச்சம் வேண்டும். ஒரு பலகையாலோ உள்ளங்கையாலோ மெதுவாக அழுத்தி, விதை மண்ணோடு ஒட்டும்படி செய்தால் போதும். கலிபோர்னியாவின் விதை சற்றுப் பெரியது, அதற்கு மட்டும் தாள் கனத்துக்கு மண் தூவலாம். அதன் பிறகு மேல்மண் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வாளித் தண்ணீரைச் சாய்த்து ஊற்றினால் விதை எல்லாம் கானுக்குப் போய்விடும். மருந்தடிக்கிற சின்ன பம்பிகளும் வேண்டாம், அவற்றில் களைநாசினி மிச்சம் ஒட்டியிருக்கும். சுத்தமான கைத்தெளிப்பான் ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். காலைப் பனியும் பாதி வேலையைச் செய்துவிடும்.

பத்து நாளிலிருந்து மூன்று கிழமைக்குள் முளைக்கும். முதலில் வருவது நூல் மாதிரி இரண்டு இலை, குனிந்து பார்த்தால்தான் தெரியும். பிறகு சின்ன வட்ட இலைகள், அதன் பின்னால்தான் ஓரம் வெட்டுப்பட்ட, மெல்லிய மயிர் படர்ந்த பொப்பி இலை. இந்தக் கட்டத்தில் அவசரப்பட்டுக் களை பிடுங்கியே பலர் செடியை இழக்கிறார்கள். கொஞ்சம் பொறுங்கள்.

செடி ஒரு அங்குலம் வந்ததும் கலைக்க வேண்டும். மனசு வராதுதான், ஆனால் நெருக்கமாக விட்டால் எல்லாம் ஈர்க்குச்சியாக வளர்ந்து ஆளுக்கு ஒரு பூ பூத்துவிட்டு முடிந்துவிடும். சிவப்புப் பொப்பிக்கு 20 முதல் 25 சென்ரிமீற்றர், ஐஸ்லாந்துக்கு 25, கலிபோர்னியாவுக்கு 15. பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேரும் அசையும். சின்னக் கத்தரிக்கோலால் மண் மட்டத்தில் நறுக்கிவிடுங்கள்.

லயத்து வாசலில் இடமில்லை என்பவர்கள் பழைய பெயின்ட் வாளியில் போடலாம். ஒரு அடி ஆழம் இருக்க வேண்டும், அடியில் நாலைந்து ஓட்டை வேண்டும், விதையை அந்த வாளியிலேயே நேரே தூவ வேண்டும். ஐஸ்லாந்து விதை விலை கூடியது, வீணாக்க மனமில்லை என்றால் பத்திரிகைத் தாளை விரல் கனத்துக் குழலாகச் சுருட்டி மண் நிரப்பி அதில் இரண்டு மூன்று விதை போடுங்கள். நூல் இலைக்குப் பிறகு இரண்டு இலை வந்தவுடன் தாளோடு சேர்த்துப் புதைத்துவிடலாம், வேருக்கு விஷயமே தெரியாது.

வேர் பிடித்த பிறகு தண்ணீர் குறைவாகவே வேண்டும். மழையில்லாத கிழமையில் இரண்டு தடவை, காலையில், அடியில் ஊற்றினால் போதும். மாலையில் இலை நனைய ஊற்றினால் இரவுக் குளிரில் ஈரம் காயாமல் கிடக்கும், பூஞ்சணம் அங்கேதான் தொடங்குகிறது. இலையின் மேலே மஞ்சள் திட்டும் அடியில் சாம்பல் படர்வும் கண்டால் அந்தச் செடியைப் பிடுங்கிக் கூட்டெருவில் போடாமல் தள்ளிப் புதைத்துவிடுங்கள். மற்றவற்றைக் கொஞ்சம் கலைத்துக் காற்றோட்டம் கொடுங்கள்.

ஓடில்லாத நத்தை இருக்கிறதே, அதற்குப் பொப்பி நாற்று என்றால் உயிர். ஒரே இரவில் ஒரு வரி காணாமல் போகும். மாலையில் ஈரச் சாக்கு ஒன்றைப் பாத்தி ஓரத்தில் விரித்து வைத்தால் இரவில் தின்றுவிட்டு விடியும்போது அதன் அடியில் ஒதுங்கியிருக்கும். பொறுக்கி எடுத்துவிடலாம். செடி அடியோடு வெட்டுண்டு கிடந்தால் அது வெட்டுப்புழு. அந்தச் செடியடியில் விரலால் கிளறினால் சுருண்டு கிடக்கும். இவ்வளவு சின்னப் பாத்திக்கு மருந்து அடிக்க வேண்டியதில்லை. தேனீ வரும் பூ, அதனாலும் அடிக்காதீர்கள். நுவரெலியாப் பக்கத்து உறைபனிக்குத் தேயிலைக் கொழுந்து கருகினாலும் பொப்பி நாற்று பொதுவாகத் தப்பிக்கொள்ளும், மூடி வைக்கத் தேவையில்லை.

அரை அடி உயரம் வந்ததும் காய்ந்த கவ்வாத்துக் குச்சிகளைச் செடிகளுக்கு இடையிடையே குத்திவிடுங்கள். கிளை கிளையாக இருக்கும் அந்தக் குச்சி பொப்பியின் மெல்லிய தண்டுக்கு நல்ல துணை, கயிறே வேண்டாம். சில நாளில் இலை மறைத்துவிடும்.

மொட்டு வரும்போது ஒரு விஷயம். சிவப்புப் பொப்பி மொட்டும் ஐஸ்லாந்துப் பொப்பி மொட்டும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டுதான் வளரும். வாடிவிட்டது என்று பயந்து தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள். பூப்பதற்கு முன்தினம் தண்டு நிமிரும். மறுநாள் விடியற்காலையில் போய்ப் பாருங்கள். மயிரடர்ந்த பச்சை மூடி இரண்டாகப் பிளந்து நடுவில் ஒரு சிவப்புக் கோடு தெரியும். சற்று நேரத்தில் இரண்டு ஓடும் கழன்று கீழே விழும். உள்ளே நான்கு இதழும் கசங்கி மடிந்து கிடக்கும். வெயில் ஏற ஏற ஒவ்வொரு சுருக்கமும் விரிந்து, காலைத் தேநீர் குடித்து முடிப்பதற்குள் பட்டாக நிற்கும். கலிபோர்னியாவில் மூடி இரண்டாகப் பிளக்காது, கூம்புத் தொப்பியாக முழுசாகக் கழன்று விழும். பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இதைக் கட்டாயம் எழுப்பிக் காட்டுங்கள்.

ஒரு பூவின் ஆயுள் ஓரிரு நாள்தான், ஆனால் செடி தொடர்ந்து மொட்டு விடும். உதிர்ந்த பூவின் காயை உடனுக்குடன் கிள்ளினால் இன்னும் பல கிழமை பூக்கும். சாமிப் படத்துக்கோ மேசைக்கோ வெட்டுவதென்றால், விரிந்த பூவை விட்டுவிட்டு, நிமிர்ந்து நிறம் தெரியத் தொடங்கிய மொட்டைக் காலையிலேயே வெட்டி, வெட்டிய நுனியை மெழுகுதிரிச் சுடரில் சில விநாடி காட்டிப் பிறகு தண்ணீரில் வையுங்கள். பால் வடிவது நின்று பூ கொஞ்சம் கூடுதலாக நிற்கும். அப்படி வைப்பதற்கு ஐஸ்லாந்துதான் சிறந்தது. வெட்டிய செடியை ஆட்டுக்கும் மாட்டுக்கும் போடாதீர்கள், எல்லாப் பொப்பியிலும் கொஞ்சம் நஞ்சு உண்டு.

கடைசிக் காய்களை மட்டும் விதைக்கு விடுங்கள். சிவப்புப் பொப்பி தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது, வேறு செடியிலிருந்து தேனீ கொண்டுவர வேண்டும். ஆகவே ஒற்றைச் செடி வளர்த்தால் விதை கிடைக்காது, பத்துப் பதினைந்தாவது ஒன்றாக நிற்கட்டும். காய் பழுப்பாகி, ஆட்டினால் உள்ளே சலசலக்கும். மூடியின் கீழே வட்டமாகச் சின்னத் துளைகள் திறந்திருக்கும், சாய்த்தால் விதை கொட்டும். மே மழை வருவதற்குள், வெயில் ஏறிய நேரத்தில் வெட்டிக் கடித உறைக்குள் கவிழ்த்து எடுங்கள்.

ஷேர்லியில் விதை எடுப்பவர்களுக்கு ஒரு வேலை கூட இருக்கிறது. இங்கிலாந்தில் ஷேர்லி என்ற ஊரின் பாதிரியார் வில்லியம் வில்க்ஸ், 1880இல் தன் தோட்ட மூலையில் இதழோரம் வெள்ளைக் கோடிட்ட ஒரே ஒரு சிவப்புப் பொப்பியைக் கண்டு, அதன் விதையை மட்டும் எடுத்து, வருடா வருடம் நல்லதை வைத்து மற்றதைப் பிடுங்கியே இந்த வகையை உருவாக்கினார். அந்தப் பிடுங்கலை நிறுத்தினால் இரண்டு மூன்று வருடத்தில் கறுப்புப் பொட்டு வைத்த பழைய சிவப்பே திரும்பி வரும். ஆகவே அப்படிப் பூப்பதை முதல் பூவிலேயே பார்த்துப் பிடுங்கிவிடுங்கள். எனக்கு அந்தச் சிவப்பும் பிடிக்கும் என்பதால், அதற்குத் தனியாக ஒரு மூலை விட்டிருக்கிறேன்.

எடுத்த விதையை நன்றாக உலர்த்தி, சிறு போத்தலில், அடியில் வறுத்து ஆறவைத்த அரிசி ஒரு கரண்டி போட்டு மூடி வையுங்கள். நம்மூர் ஈரத்துக்கு அது அவசியம். கீழே கொட்டிப்போன விதையைப் பற்றிக் கவலை வேண்டாம், மண்ணுக்குள் வருடக்கணக்கில் உயிரோடு இருக்கும். டிசம்பரில் அதே பாத்தியை லேசாகக் கிளறினால் மறுபடி முளைக்கும். உங்கள் பக்கட்டில் மிச்சம் இருந்தால் அதையும் அன்றைக்கே மணலில் கலந்து போடுங்கள், புதிதாக வாங்கத் தேவையில்லை.